‘ஷாடி’க்குத் தமிழில் என்ன சொல்? – கிழிந்த கம்பளியும் போர்க்காலமும்

அனுப்பியவர்: ஏற்காட்டு டீச்சர்
ஞாயிறு இரவு

குழுமத்தாருக்கு வணக்கம்.

மூன்று நாளாக ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கை கொடுங்கள்.

இங்கே பள்ளிப் பிள்ளைகள் ‘போரும் கம்பளியும்’ என்று ஒரு சின்னக் கண்காட்சி வைக்கிறார்கள். பன்னிரண்டு அட்டைகள். ரிட்டயர் ஆனவள் சும்மாதானே இருக்கிறாள் என்று தமிழில் எழுதும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். பதினோரு அட்டைகள் அதிகம் தொல்லை தரவில்லை. கார்டிகன் ஸ்வெட்டர், கழுத்திலிருந்தே இறங்கும் ராக்லன் கை இரண்டும் கிரிமியப் போரில் படை நடத்திய பிரபுக்களின் பெயர்கள். அப்படியே விட்டுவிட்டேன். அதே போரில் 1854இல் சண்டை நடந்த பாலக்கிளாவா என்ற ஊரின் பெயரில், முகத்தை மூடும் கம்பளிக் குல்லா ஒன்று உண்டு. அதைத் தமிழாக்க உட்கார்ந்தபோதுதான் சிரிப்பு வந்தது. டிசம்பர் காலையில் ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் தலையில் இருக்கும் மங்கி குல்லாதான் அது. சொல் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது, நாம்தான் தேடிக்கொண்டிருக்கிறோம்.

பன்னிரண்டாவது அட்டை ‘ஷாடி’. அதுதான் சிக்கல்.

கதை இதுதான். நெப்போலியன் போர்க்காலத்தில் இங்கிலாந்தில் ஆட்டுமுடிக்குத் தட்டுப்பாடு. படைக்கோ சீருடையும் போர்வையும் போதவே இல்லை. யார்க்ஷயரில் பேட்லி என்ற ஊரில் பெஞ்சமின் லா என்ற துணிக்காரர் 1813இல் ஒரு வழி கண்டார். கிழிந்த கம்பளித் துணியை வாங்கிப் பிய்த்து, மறுபடி இழையாக்கி, கொஞ்சம் புது முடி கலந்து நூற்றார். பிய்த்த இழைக்கும் அதில் நெய்த துணிக்கும் ஷாடி என்று பெயர். பிய்க்கும் எந்திரத்துக்கு ஊரார் வைத்த பெயர் ‘பிசாசு’. உருளை முழுக்க இரும்புப் பல் என்றால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? ஐரோப்பாவின் கந்தலெல்லாம் மூட்டை மூட்டையாக பேட்லியிலும் பக்கத்து டியூஸ்பரியிலும் போய் இறங்கியது.

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. அவசரத்தில் ஆயிரக்கணக்கில் சீருடை வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர்கள் சிலர் ஷாடியை ஒழுங்காக நூற்று நெய்யாமல், பட்டறையில் கூட்டி அள்ளியதையெல்லாம் சேர்த்துப் பசை போட்டு அழுத்தித் துணி மாதிரி ஆக்கி அனுப்பினார்கள். முதல் மழையில் அது சிப்பாய் உடம்பிலேயே பிரிந்து தொங்கியது. அன்றிலிருந்து ஆங்கிலத்தில் ஷாடி என்றால் மட்டமான வேலை. பழைய துணித்தொழிலை அறியாதவர்களுக்கு அந்த வசவு மட்டும்தான் தெரியும்.

அட்டைக்கு வேண்டியது தொழில்சொல். ‘மீள்கம்பளி’ என்று எழுதிப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “திருப்பிக் கொடுத்த போர்வையா டீச்சர்?” என்று கேட்டாள். அவள் மேல் தப்பில்லை. நமக்குக் கம்பளி என்றால் இழையும் அதுதான், துணியும் அதுதான், போர்த்துவதும் அதுதான். முருங்கை மரத்தில் ஊர்வதும் கம்பளிப்பூச்சி.

யோசனை சொல்லுங்கள்.

ஏற்காட்டிலிருந்து


அனுப்பியவர்: தாரமங்கலம் தமிழாசிரியர்
திங்கள் காலை

அன்புடையீர்,

கம்பளி என்பதை விட்டுவிடுக. இழைக்குத் தனிச்சொல் நம்மிடம் உண்டு. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையில் மதுரை அறுவை வீதியைச் சொல்லுமிடத்து, ‘நூலினும் மயிரினும் நுழைநூற் பட்டினும்’ என்று மூவகைத் துணி பிரிக்கப்படுகிறது. பருத்தி நூல், மயிர், பட்டு. துணித்தொழிலில் மயிர் என்பது அன்று மதிப்பான சொல். இன்று அச்சொல்லைக் கடைத்தெருவில் சொன்னால் என்ன நடக்கும் என்பது யாவரும் அறிந்ததே. எனவே ‘உரோமம்’ என்று கொண்டு, ஷாடியை ‘மீளுரோமம்’ என்க.


அனுப்பியவர்: மேச்சேரி ஆட்டு டாக்டர்
திங்கள் மதியம்

ஐயா, மீளுரோமம் என்றால் மழித்த இடத்தில் திரும்ப முளைத்த முடி என்றுதான் என் காதில் விழுகிறது. தோல் வியாதி பார்ப்பவனிடம் இந்தச் சொல்லைக் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது. வெளிர்பழுப்பில் குட்டை முடி, மாட்டுக்கு இருப்பது மாதிரி. கறிக்கும் தோலுக்கும் பேர்போன இனம். தோல் அருமையானது. பொட்டனேரியில் இதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கம்பளி வேண்டுமானால் நீலகிரி ஆட்டிடம் போக வேண்டும். கோயம்புத்தூர்க் குரும்பை, திருச்சி கருப்பு இவற்றிடமும் கிடைக்கும், ஆனால் முரட்டு முடி, முரட்டுப் போர்வைக்குத்தான் ஆகும். ஆக, செம்மறியாட்டு உடம்பில் இருப்பதெல்லாம் கம்பளி ஆகாது. கம்பளி முடி சுருண்டு சுருண்டு இருக்கும், மேலே மீன்செதில் மாதிரி அடுக்கு இருக்கும். சுருளுக்குள் காற்று தங்குவதால் கதகதப்பு. செதில் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்வதால்தான் வெந்நீரில் துவைத்த ஸ்வெட்டர் பிள்ளை சைஸுக்குச் சுருங்கிவிடுகிறது. தன் எடையில் சுமார் 30 சதவீதம் ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் தொட்டால் ஈரம் தெரியாது. சுலபத்தில் தீப்பிடிக்காது, பிடித்தாலும் தானே அணையும், உருகித் தோலில் ஒட்டாது. மழையிலும் சேற்றிலும் நெருப்புப் பக்கத்திலும் கிடக்கும் சிப்பாய்க்கு இதைவிட என்ன வேண்டும்? டீச்சரம்மா, ஒரு அட்டையில் இதையும் போடுங்கள்.

அம்மா, உங்கள் வீட்டில் பழைய போர்வை இருந்தால் ஓர் இழையை எரித்துப் பாருங்கள். முடி கருகும் நாற்றம் வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. உருகிக் கறுப்பு மணி மாதிரி கெட்டியானால் அக்ரிலிக்கோ பாலியஸ்டரோ. கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான்.

பிரிட்டனில் பிராட்ஃபோர்டு ஆலைகளில் ஆட்டுமுடி பிரித்தவர்களுக்கு வந்த நோய்க்கு ‘கம்பளி பிரிப்போர் நோய்’ என்று தனியாகப் பெயர் இருந்தது. என்னவென்று பார்த்தால் நம் ஊர் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ். சொல் ஊரிலேயே இருக்கிறது என்று நீங்கள் சொன்னதற்கு இதுவும் ஒரு சாட்சி.


அனுப்பியவர்: ஏற்காட்டு டீச்சர்
திங்கள் இரவு

டாக்டர் தம்பி சொன்னபடி செய்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் ஒரு போர்வை இருக்கிறது. அப்பா வாங்கியது. ‘மிலிட்டரி கம்பளி’ என்றுதான் சொல்வோம். மிலிட்டரி அதைப் பார்த்ததா என்று தெரியாது. போர்த்தினால் கழுத்தெல்லாம் அரிக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எலி நிறம். இன்று மூலையில் ஊசியை விட்டு, குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்றை உருவி, வெள்ளைத் தாளில் வைத்து, அகராதி படிக்கும் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். எலி நிறத்தில் ஒரு இழைகூட இல்லை! கருநீலம், குங்குமச் சிவப்பு, பாசிப்பச்சை, ஒரு துளி மஞ்சள், நிறைய பழுப்பு. எல்லாம் கலந்து தூரத்துக்குச் சாம்பலாகத் தெரிந்திருக்கிறது. முறுக்கைப் பிரித்தால் இழைகள் விரல் நகத்தளவுதான் நீளம், ஊதினால் பறந்தது. இரண்டு மூன்று மட்டும் விரல் நீளத்துக்கு இருந்தன. அவை சேர்த்த புது முடியாக இருக்கும்.

எரித்தேன். முடிநாற்றம். சாம்பலும் பொடிந்தது. ஆனால் நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு கறுப்பு மணி தட்டுப்பட்டது. எந்த ஊர் ஸ்வெட்டரோ இதற்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

நாற்பது வருடமாக ஷாடியைப் போர்த்திக்கொண்டுதான் ஷாடிக்குச் சொல் தேடியிருக்கிறேன். அது இன்னும் பிரிந்து தொங்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.


அனுப்பியவர்: அம்மாப்பேட்டை, ஜவுளி படிக்கும் மாணவன்
செவ்வாய் மாலை

வணக்கம் டீச்சர், வணக்கம் ஐயா.

நான் ‘ஷாடி’யை அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்ற கட்சி. இந்தியாவில் இந்தத் தொழிலின் தலைநகரம் ஹரியானாவின் பானிப்பட்டு. அங்கே ஷாடி என்றுதான் சொல்கிறார்கள். வெளிநாட்டுப் பழந்துணி காண்ட்லா துறைமுகம் வழியாக வந்து இறங்குகிறது. ஒரு காணொளியில் பார்த்தேன்: பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, செங்குத்தாக நட்ட கத்தியில் கோட்டையும் ஸ்வெட்டரையும் அரிகிறார்கள். நம் வீட்டு அரிவாள்மனைதான், கொஞ்சம் பெரிய சைஸ். பொத்தான், ஜிப், லைனிங் எல்லாம் தனியே. துணியை நிறவாரியாகக் குவிக்கிறார்கள். நீலக் குவியலிலிருந்து நீல நூல் வந்துவிடும், சாயமே போட வேண்டாம். டீச்சர் வீட்டுப் போர்வை நிறம் பிரிக்காமல் மிஞ்சியதையெல்லாம் போட்டு அரைத்ததாக இருக்கும். இப்போது அங்கே பாலியஸ்டர் போர்வை ஷாடியின் இடத்தைப் பிடித்து வருகிறது என்பது வேறு விஷயம்.

ஆனால் சட்டத்தில் ஷாடி என்ற சொல்லைத் தவிர்த்த ஒரு நாடு உண்டு. அமெரிக்காவில் கம்பளிப் பொருள் லேபிள் சட்டம் என்று 1939இன் பெயரில் ஒரு சட்டம், 1941இல் நடைமுறைக்கு வந்தது. அது மூன்று சொல் வைத்தது. புது முடி வெறும் ‘கம்பளி’. நெய்த பிறகு யாரும் உடுத்தாத வெட்டுத்துணியைப் பிய்த்தால் ஒரு பெயர், உடுத்திக் கழித்ததைப் பிய்த்தால் வேறு பெயர். 1980இல் திருத்தும்போது பின்னிரண்டையும் சேர்த்து ‘மறுசுழற்சிக் கம்பளி’ என்று ஒன்றாக்கிவிட்டார்கள். நாமும் கலைச்சொல் வைத்தால் ஒன்றா இரண்டா என்று முடிவு பண்ண வேண்டும்.

போர்க்கணக்கும் கொஞ்சம் தருகிறேன், அட்டைக்கு உதவும். 1914 செப்டம்பர் கடைசியில் இந்தியப் படை பிரான்சில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியபோது பலர் உடம்பில் மெல்லிய பருத்திக் காக்கிதான். அந்தக் குளிர்காலம் அவர்களை வதைத்துவிட்டது. கான்பூர் லால் இம்லி ஆலையும் பஞ்சாபின் தாரிவால் ஆலையும் படைக்குக் கம்பளி நெய்து தள்ளின. 1916 நவம்பரில் பிரிட்டன் அரசு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டின் ஆட்டுமுடி முழுவதையும் மொத்தமாக விலை பேசி வாங்கியது. 1939இல் மறுபடியும் அதே வேலை. அது தனக்கு வேண்டியதற்கு மட்டுமில்லை, எதிரிக்குப் போகாமல் இருக்கவும்தான். கடல்வழி அடைபட்ட ஜெர்மனியில் முதல் போரின்போது காஞ்சொறிச் செடி நாரிலும் காகித நூலிலும் துணி நெய்தார்கள். இரண்டாம் போரில், 1941 டிசம்பர் 20 அன்று, ருஷ்யக் குளிரில் விறைக்கும் படைக்கு ஸ்வெட்டரும் ரோமக் கோட்டும் கொடுங்கள் என்று வீடு வீடாகக் கேட்க வேண்டி வந்தது.

1918இல் வெள்ளை மாளிகைப் புல்தரையில் அதிபர் வில்சன் ஆடு மேய்த்த கதை தெரியுமா? புல் வெட்ட ஆள் வேண்டியதில்லை. கத்தரித்த முடியை ஏலம் விட்டுச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு 50,000 டாலருக்கு மேல் கொடுத்தார்கள்.


அனுப்பியவர்: குகை மாஸ்டர்
புதன் இரவு

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு இந்தத் தட்டச்சு மெதுவாகத்தான் வரும். பேரனை வைத்து அடிக்கச் சொல்கிறேன். தப்பிருந்தால் அவனைத் திட்டுங்கள்.

நான் சேலம் குகைப் பகுதி நெசவுக்காரன். ஐம்பது வருஷம் பட்டும் பருத்தியும் பார்த்தவன். கம்பளி நெய்ததில்லை. ஆனால் தம்பி அம்மாப்பேட்டை சொன்ன வேலை பருத்தியில் நம் பக்கமே நடக்கிறது. திருப்பூர் பனியன் கட்டிங் வேஸ்ட் லாரி லாரியாக வருகிறது. நேற்று அதற்காகவே ஒரு கொட்டகைக்குப் போனேன். வாசலில் நின்றாலே மூக்கில் தூசு. உள்ளே பல் உருளை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் துண்டுத்துணி போகிறது, மறுபக்கம் பஞ்சு விழுகிறது. மூட்டை பிரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், “என்னம்மா வேலை இது?” என்றேன். “துணியைத் திரும்பப் பஞ்சாக்கறமுங்க” என்றார். வேஸ்ட் என்றும் சொல்லவில்லை, மறுசுழற்சி என்றும் சொல்லவில்லை. செய்கிற வேலையைச் சொன்னார்.

அதனால் என் சொல்: மறுபஞ்சு.

பஞ்சு என்றால் பருத்தி ஆயிற்றே, ஆட்டுமுடியை எப்படிச் சொல்லலாம் என்று தாரமங்கலத்து ஐயா கேட்பார். யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். பருத்தி என்பது செடி, அதன் காய். பஞ்சு என்பது ஒரு நிலை. இலவம்பஞ்சு பருத்தியா? கண்ணாடியை இழையாக்கி அடைத்தால் கண்ணாடிப் பஞ்சு என்கிறோம். சர்க்கரையைச் சுற்றினால் பஞ்சு மிட்டாய். தலையணை எதனால் அடைத்திருந்தாலும் பிய்ந்தால் பஞ்சு வெளியே வருகிறது என்றுதான் சொல்வோம். வெள்ளைக்காரனுக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் ஆட்டுமுடி, பருத்தியைக்கூட ‘காட்டன் வுல்’ என்று அந்தப் பெயர் சேர்த்துத்தான் சொல்வான். நமக்கு மெத்தென்று இருப்பதெல்லாம் பஞ்சு. அவனவன் ஊரில் எது விளைந்ததோ அது.

முதலில் ‘மறுபன்னல்’ என்று வைக்கலாமா என்றும் பார்த்தேன். பன்னுவது என்றால் பஞ்சைக் கையால் பிரித்து நூற்க வாகாக்குவது, எங்கள் பாட்டி காலத்துச் சொல். புறநானூற்றில் பருத்திப் பெண்டின் பனுவல் என்று வருவது அந்தப் பஞ்சுதானாம், நெசவுப் பள்ளியில் ஒரு வாத்தியார் சொல்லக் கேட்டது. ஆனால் பேரனிடம் சொன்னால் முழிக்கிறான். அவனுக்குப் பனுவல் என்றால் புத்தகம். பேரன் முழிக்கும் சொல்லை அட்டையில் எழுதிப் பிரயோசனமில்லை.

கந்தையை வைத்துச் சொல் செய்யலாம் என்று எங்கள் தெருவில் ஒருவர் சொன்னார். ‘கந்தைப்பஞ்சு’. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்ற பழமொழியையும் எடுத்துவிட்டார். சொல் நல்ல சொல்தான். ஆனால் கந்தை என்று சீட்டு ஒட்டிய போர்வையைச் சின்னக்கடை வீதியில் யார் வாங்குவார்கள்? நெய்தவன் வயிறு என்ன ஆவது?

இதைத்தான் அழுத்திச் சொல்ல வந்தேன். டீச்சரம்மா எழுதிய அமெரிக்கக் கதையில் குற்றம் யாருடையது? நூற்காமல், நெடுக்கு நூலான பாவு ஓட்டாமல், பசை தடவி விற்றவன் குற்றம். நல்ல கையில் போயிருந்தால் அதே பஞ்சு நாற்பது வருஷம் உழைத்திருக்கும். அதற்கு உங்கள் வீட்டுப் போர்வையே சாட்சி. குற்றம் செய்தவன் காசோடு போய்விட்டான், கெட்ட பேர் பஞ்சுக்கு. ஆங்கிலத்தில் அது நடந்து முடிந்துவிட்டது, நாம் ஒன்றும் செய்ய முடியாது. தமிழில் இன்றைக்குத்தான் பெயர் வைக்கிறோம். பிறக்கும்போதே ஏன் அந்தப் பேரைச் சுமக்க வைக்க வேண்டும்? ஷாடி என்று எழுதினால், இங்கிலீஷ் தெரிந்த பிள்ளை உடனே மட்டம் என்று நினைக்கும். மட்டமான வேலைக்கு நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஏனோதானோ, ஒப்புக்கு, கடனே என்று செய்தது. அதற்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றா இரண்டா என்று தம்பி கேட்டதற்கு: ஒன்று போதும். உடுத்தாத துணியிலிருந்து வந்தால் ‘வெட்டு மறுபஞ்சு’, உடுத்தியதிலிருந்து வந்தால் ‘பழந்துணி மறுபஞ்சு’ என்று முன்னால் ஒட்டிக்கொள்ளலாம். தறிக்காரனுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்தான். உடுத்தித் துவைத்த இழை ஏற்கெனவே பாதி ஆயுளை முடித்திருக்கும், ஊடைக்கு ஓடும், பாவுக்குத் தாங்காது.


அனுப்பியவர்: தாரமங்கலம் தமிழாசிரியர்
வியாழன் காலை

மாஸ்டர் ஐயாவுக்கு,

‘பஞ்சு ஒரு நிலை’ என்பதை ஒப்புக்கொள்கிறேன். மீளுரோமத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். ஆட்டு டாக்டர் சொன்ன பிறகு எனக்கே அது உறுத்திற்று.

ஓர் ஐயம் மட்டும். ‘மறு’ என்பதற்கு இன்னொரு பொருள் களங்கம். நிலவில் தெரிவது மறு. குற்றமில்லாததை மறுவற்றது என்கிறோம். களங்கம் வேண்டாம் என்றுதானே இச்சொல்லைத் தேர்ந்தீர்கள்? அது முன்கதவால் வெளியே போய்ப் பின்கதவால் உள்ளே வருகிறதே!


அனுப்பியவர்: குகை மாஸ்டர்
வியாழன் மதியம்

ஐயா, மறுவீடு போகும் பெண்ணிடம் யாரும் களங்கம் பேசுவதில்லை. மறுசோறு கேட்பவனிடமும் இல்லை. நிலாவில் இருக்கும் மறு பஞ்சிலும் இருந்துவிட்டுப் போகட்டும்.


அனுப்பியவர்: அம்மாப்பேட்டை, ஜவுளி படிக்கும் மாணவன்
வியாழன் மாலை

நான் கட்சி மாறிவிட்டேன். மறுபஞ்சுக்கு என் ஓட்டு.

ஒரு தொங்கல் மட்டும் பாக்கி. ஷாடி என்பது ஸ்வெட்டர் போன்ற தளர்ந்த துணியிலிருந்து வருவது. கோட்டுத்துணி போல இறுக நெய்ததைப் பிய்த்தால் இழை இன்னும் பொடியாக வரும். அதற்கு ஆங்கிலத்தில் ‘மங்கோ’ என்று தனிப்பெயர். அதற்கும் வைத்துவிடலாமா? துணியில் பருத்தித் தையல் நூல் கலந்திருந்தால் அமிலத்தில் போட்டுப் பருத்தியை மட்டும் கரித்து உதிர்ப்பார்கள். அப்படி எடுத்ததற்கும் தனிப்பெயர் உண்டு.


அனுப்பியவர்: குகை மாஸ்டர்
வியாழன் இரவு

முதலாவது பொடிப்பஞ்சு. இரண்டாவதற்கு அவசரமில்லை, யாராவது செய்யும்போது பெயர் வரும்.


அனுப்பியவர்: மேச்சேரி ஆட்டு டாக்டர்
வியாழன் இரவு

மங்கோவை மாங்கோ என்று படித்துவிட்டேன். சேலத்துக்காரன் கண் அப்படித்தான் படிக்கும்.


அனுப்பியவர்: ஏற்காட்டு டீச்சர்
சனி இரவு

அனைவருக்கும் நன்றி. அட்டை எழுதி முடித்து மாட்டியும் ஆயிற்று. எழுதியது இதுதான்:

‘மறுபஞ்சு. கிழிந்த கம்பளித் துணியைப் பல் உருளையில் பிய்த்து மறுபடி எடுக்கும் பஞ்சு. இதைப் புது ஆட்டுமுடியோடு கலந்து நூற்று நெய்வது மறுபஞ்சுக் கம்பளி. 1813இல் இங்கிலாந்தில் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா தொடங்கியது. ஆட்டுமுடி கிடைக்காத போர்க்காலங்களில் படைகளுக்குச் சீருடையும் போர்வையும் ஆனது. பிய்க்கும்போது உதிரும் தூசும் வீணாகவில்லை. தழைச்சத்து உள்ளதால் யார்க்ஷயர் விவசாயிகள் அதை வயலுக்கு எருவாகப் போட்டார்கள்.’

ஒற்று தாரமங்கலத்து ஐயா பார்த்துக் கொடுத்தது. அமெரிக்கச் சீருடைக் கதையைத் தனியே கீழே போட்டேன், பசை தடவிய ஒப்பந்தக்காரர்களின் கதை என்று. அதில் மறுபஞ்சு என்ற சொல் ஒரு இடத்தில்தான் வருகிறது.

எருச் செய்தியைப் படித்த காப்பித் தோட்டத்துக்காரர் ஒருவர், “அந்தத் தூசு எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். குகைப் பக்கம் ஒரு கொட்டகை இருக்கிறது, ஆனால் அது பருத்தி, அவ்வளவு சத்து இருக்காது என்று சொல்லி அனுப்பினேன்.

படம் ஒட்ட இடமில்லாததால் அப்பாவின் போர்வையையே அட்டை பக்கத்தில் தொங்கவிட்டோம். ஊசி போட்டு உருவிய மூலையில் பூதக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்த போர்வையா என்று கேட்ட ஒன்பதாம் வகுப்புப் பெண்தான் அதற்குக் காவல். வருகிற ஒவ்வொருவரையும் குனிய வைத்து, இது என்ன நிறம் என்று கேட்கிறாள். சாம்பல் என்று சொல்பவர்களை மறுபடி குனியச் சொல்கிறாள்.